பச்சை லைற்றை நம்பாதீர்கள்

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னாலுள்ள அரிசி ஆலைக்கு முதன்முதல் கறண்ட் கொடுத்தவன் நான். தொண்டைமானாற்றில், உப்புக்காற்று செம்பையே தின்றுவிடும் என்று எல்லோரும் கைவிட்ட ஐஸ் அறைக்கு வயரிங் செய்தவன் நான். அது இன்றைக்கும் ஓடுகிறது. உடுவிலில் ஒரு மூன்று மாடி வீட்டுக்குப் படம் கீறாமல், மனதிலேயே கணக்குப் பிடித்து வயர் இழுத்தேன். ஊரில் கறண்ட் இல்லாதிருந்த வருசங்களில் உழவு இயந்திரத்தின் டைனமோவைக் கழற்றிக் கொண்டுபோய் ஒரு பிரசவ அறைக்கு வெளிச்சம் கொடுத்தேன். அந்த வெளிச்சத்தில் பிறந்த பெண் இப்போது வங்கியில் வேலை செய்கிறாள். என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பின்னால் காசோ ஆளோ இல்லாதவன், இவ்வளவையும் செய்தேன். இவற்றை எழுதி வைக்க யாரும் வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தம்பியவை, உங்கள் வயரிங் வேலைகாரர் சங்க மலருக்கு மின்சாரக் காரை வீட்டுப் பிளக்கில் சார்ஜ் போடுவது பற்றி ஏதாவது தரச் சொன்னீர்கள். தருகிறேன். ஆனால் எத்தனை அம்பியர், எவ்வளவு தடித்த வயர் என்பதை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதெல்லாம் உங்கள் போனில் இருக்கிறது, என்னைவிடத் திறமாகவே இருக்கிறது. போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரர் கண் கலங்க முன்னால் நிற்கும்போது ஒரு சாமானைப் பிடுங்குவதா விடுவதா என்று நீங்கள் தனியே முடிவெடுக்க வேண்டி வரும். அதைச் சொல்கிறேன். இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

சுகந்தி ரீச்சரின் வீடு நெல்லியடியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. அவருடைய கணவர் மகேசன் பஸ் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டுதான் அவர் உயிரோடு இருந்தார். பெற்றோலுக்கு நாடு முழுக்க வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ரீச்சர் பெற்றோல் கானோடு வரிசையில் நின்று, தன் முறை வரும்போது பெற்றோல் முடிந்துவிட்டது என்று கேட்டுவிட்டு வெறுங்கானோடு வீட்டுக்கு வந்தவர். மகேசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் படலையில் குந்தியிருந்து அழுததை ஒழுங்கையே பார்த்தது. அதற்குப் பிறகுதான் கனடாவில் இருக்கும் ரீச்சரின் தம்பி இந்த மின்சாரக் காரை எடுத்துக் கொடுத்தான்.

ஜப்பானில் ஓடித் தேய்ந்த சின்னக் கார். பற்றறி பாதி செத்தது. முழுதாக ஏற்றினால் யாழ்ப்பாணம் போய் வரலாம், கொஞ்சம் குறைந்தால் வழியில் நிற்க வேண்டியதுதான். காரோடு வந்த சார்ஜ் வயரின் முனையில் இருந்தது ஜப்பான் பிளக். அது எங்கள் சுவரில் உள்ள ஓட்டைக்குப் போகாது. அதனால் நடுவில் ஒரு அடப்டர். எல்லா வில்லங்கமும் அந்த உள்ளங்கையளவு சாமானில்தான் தொடங்குகிறது.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டது, அடப்டர் உருகிக் கருகல் மணம் வந்தபோது. கார்த்திகை மாதம், நல்ல மழை. கிணற்றடிக் கொட்டிலில் தண்ணீர் மோட்டருக்கென்று இருந்த பழைய உருண்டை ஊசிப் பிளக்கில், கடையில் வாங்கிய ஒரு அடப்டர், அதற்கு மேல் இன்னொரு அடப்டர், அதற்கு மேல் கார் வயர். சந்தையில் மரக்கறிக் கூடையை அடுக்குகிற மாதிரி அடுக்கியிருந்தார்கள். சுவர்ப் பிளக்கின் ஒரு ஓட்டை கருகிப்போயிருந்தது.

மகேசன் கதிரையில் இருந்தபடி என்னோடு வழக்காடினார்.

"அண்ணை, அது மோட்டர் போடுற பிளக். அந்தப் பெரிய மோட்டரையே இழுக்குது, உந்தச் சின்னக் காரை இழுக்காதோ?"

"மோட்டர் எவ்வளவு நேரம் ஓடும்?"

"தாங்கி நிரம்பு மட்டும். அரை மணித்தியாலம்."

"கார்?"

"விடிய விடிய."

"நீர் பஸ் ஓட்டின ஆள். சந்தியிலை திரும்பேக்கை முதலாம் கியர் போடுவீர். அதே கியரிலை கொழும்பு மட்டும் போவீரோ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பஸ் வெடிச்சுப்போம்" என்றார். "உந்தப் பிளக்கும் அதுதான்" என்றேன். வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டுமானால் அவருடைய தொழிலுக்குள் போய் நின்று சொல்லுங்கள். அம்பியர் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நீங்கள் படலை தாண்டியதும் அடப்டரை மீண்டும் அடுக்குவார்கள்.

அன்று வீட்டு முன்னால் கார் நிற்கிற போட்டிக்கோவில் புதிய பிளக் ஒன்று வைத்தேன். மெயின் பெட்டியிலிருந்து தடித்த வயராகத் தனி லைன் இழுத்து, கறண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து லைனை வெட்டுகிற ட்ரிப் சுவிச் வழியாகவே கொடுத்தேன். ஒரே ஒரு நல்ல அடப்டர், நான் தேடிப் பிடித்து வாங்கியது. சார்ஜ் போட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், இளஞ்சூடு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும், நீள வயரைச் சுருளாக விட்டுக் கொடுக்கக்கூடாது என்று ரீச்சருக்குச் சொன்னேன். ரீச்சர் அப்படியே செய்தார். கசிகிற கறண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பியைப் பார்த்தேன், திறமாக இருந்தது. கார் வயரில் உள்ள பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. மாரி முழுக்கவும் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். போகும்போது மகேசன் கண்ணாடியை இறக்கிக் கை காட்டுவார். முதலாம் கியர் என்று விரலால் காட்டிச் சிரிப்பார்.

இனி எர்த்தைப் பற்றி. எனக்குத் தொழில் பழக்கியவர் அதிகம் கதைக்காத மனிதர். எர்த் கம்பியைப் புதைக்கும்போது மட்டும் வாய் திறப்பார். எங்கள் குடாநாட்டில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்குள் கம்பியை இறக்கினாலும் கறண்ட் போக வழியில்லை. அதனால் அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, "குளிக்கிற தண்ணி எங்காலை ஓடுது?" என்றுதான். கிணற்றடியில் எல்லோரும் குளிப்பார்கள், அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். வாழையடியில் வருசம் முழுக்க ஈரம். அங்கேதான் கம்பியைப் புதைப்பார். "வீட்டிலை ஆக்கள் குளிக்கிற மட்டும் உந்த எர்த் சாகாது" என்பார். ரீச்சர் வீட்டு எர்த்தும் அவர் வைத்ததுதான். ரீச்சரின் தகப்பன் காலத்தில் அந்த வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள்.

இப்போது அந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவருக்குக் குடிக்கவே அளந்துதான் தண்ணீர். குளிப்பதோ வீட்டுக்குள் கட்டிய குளியலறையில், தண்ணீர் மூடிய குழிக்குள் போய்விடுகிறது. வாழை பட்டுப்போய் வருசங்கள் ஆகியிருந்தன. மாரியில் மழை ஈரம் இருந்ததால் எர்த் உயிரோடு இருக்கிற மாதிரி நின்றது. பங்குனி வெய்யில் தொடங்க மெல்ல மெல்லச் செத்தது. ஆடியில் ஒரேயடியாகப் போய்விட்டது. இதை எந்த நாட்டுப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. எங்களுடைய எர்த் ஆட்கள் குளித்ததால் உயிரோடு இருந்தது. ஆட்கள் வெளிநாடு போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் குளியலறைக்குள் போய்விட்டார்கள். குடாநாடு முழுக்க இப்படிச் செத்த எர்த்தோடு வீடுகள் நிற்கின்றன. அந்த வீடுகளுக்கு இப்போது ஒவ்வொன்றாக மின்சாரக் கார் வருகிறது.

ஆடியில் கார் ஏறவில்லை. பெட்டியில் சிவப்பு லைற். எர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி கறண்டைக் காருக்கு விடாது. அதைச் செய்த ஜப்பான்காரன் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான். நான் அப்போது கண் சத்திரசிகிச்சை முடிந்து வவுனியாவில் மகள் வீட்டில் இருந்தேன். ரீச்சர் உங்களில் ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறார். பெயர் எழுதமாட்டேன். இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கிறவர்களில் அவனும் ஒருவன், வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான். கெட்டிக்காரன், கைச்சுத்தமான வேலைகாரன், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் வந்தான், பார்த்தான், பத்து நிமிசத்தில் பச்சை லைற்றை எரிய வைத்தான். ரீச்சருக்கு அவன் தெய்வமாகிவிட்டான்.

ஆவணிக் கடைசியில், நான் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் பின்னேரம் ரீச்சர் போன் எடுத்தார்.

"அண்ணை, கார் நல்லா ஏறுது. ஆனால் காலைக் கழுவிப்போட்டு வந்து கதவிலை தொட்டால் விரல் விறைக்கிற மாதிரி ஒரு கூச்சம். எனக்கு நரம்பிலை ஏதும் வருத்தமோ தெரியேல்லை."

"தொடாதேங்கோ. வாறன்" என்றேன்.

போய் அடப்டரைக் கழற்றித் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன வயர்த்துண்டு. எர்த் ஊசியிலிருந்து, கறண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஊசிக்கு, வடிவாக முறுக்கி, வடிவாக இறுக்கியிருந்தது. அதோடு விடவில்லை. ட்ரிப் அடிக்கடி விழுந்திருக்க வேண்டும். அதனால் நான் இழுத்த லைனை ட்ரிப்பிலிருந்து எடுத்து, அதற்கு முன்னாலேயே மெயினில் கொடுத்திருந்தான்.

இது என்ன என்று விளங்காதவர்கள் உங்களில் இருந்தால் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். பெட்டி எர்த்தைத் தேடுகிறது. அந்தத் துண்டு வயர் நியூட்ரலைக் காட்டி இதுதான் எர்த் என்று பெட்டியை ஏமாற்றுகிறது. பெட்டி நம்பிப் பச்சை காட்டுகிறது. இப்போது காரின் உடம்பு முழுவதும் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது. நியூட்ரல் ஒழுங்காக இருக்கும் வரைக்கும் பெரிதாக ஒன்றும் நடக்காது, விரல் கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். கம்பத்திலிருந்து வருகிற நியூட்ரல் வயர் எங்கேயாவது அறுந்துவிட்டால் வீட்டில் லைற் எரியாது, காற்றாடி சுற்றாது. கறண்ட் போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் காரின் உடம்பில் முழுக் கறண்டும் நிற்கும். வெறுங்காலோடு தொடுகிறவர் அந்த இடத்திலேயே முடிந்தார். ட்ரிப்பும் விழாது, ஏனென்றால் லைன் ட்ரிப் வழியாக வரவில்லை.

அவனுக்குப் போன் எடுத்தேன்.

"உது நீ செய்ததோ?"

"ஓம் அண்ணை. வீடியோவிலை கிடக்கு, எல்லாரும் செய்யினம்."

"நியூட்ரல் அறுந்தால்?"

"அண்ணை, எங்கடை பக்கம் கடைசியா எப்ப அறுந்தது, சொல்லுங்கோ பாப்பம்."

"அறுந்தாப் பிறகு சொல்லுறன்" என்று போனை வைத்தேன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் கொடுமை. அந்தத் துண்டு வயர் பத்து வருசம் ஒருவரையும் தொடாமல் இருக்கலாம். நாளைக்குக் காலையிலும் கொல்லலாம். இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக, தெரிந்த ஒரு கஷ்டத்தை ஒரு குடும்பத்தின் தலையில் போட வேண்டும். எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை இதுதான். கம்பத்தில் ஏறுவது இதற்குப் பக்கத்திலும் வராது.

நான் அடப்டரைச் சட்டைப் பைக்குள் போட்டதை ரீச்சர் பார்த்தார்.

"அண்ணை, நாளைக்கு அவருக்கு ஆஸ்பத்திரி."

"தெரியும் ரீச்சர்."

"கார் இப்ப கால்வாசிதான் ஏறிக் கிடக்கு. இண்டைக்கு மட்டும் விடுங்கோ. நாளையான் பயணம் முடியட்டும், பேந்து என்னத்தையெண்டாலும் கழட்டுங்கோ. நான் செருப்புப் போட்டுக்கொண்டு தொடுறன். தடியாலை தொடுறன். ஒரே ஒரு நாள் அண்ணை."

"ஏலாது ரீச்சர்."

"பெற்றோல் வரிசையிலை நிண்டனான். அங்கையும் இல்லை எண்டவங்கள். இப்ப நீங்கள் இல்லை எண்டுறியள். நான் இனி எங்கை போய் நிக்கிறது?"

தம்பியவை, உங்களிடம் இப்படி ஒருவர் கேட்கும்போது கையில் இருக்கிற ஸ்குறூட்றைவர் எவ்வளவு பாரம் என்று தெரிய வரும். பதிலை உள்ளே இருந்து மகேசன்தான் சொன்னார்.

"சுகந்தி, அவரை விடு. அண்ணை, எனக்கு எப்பிடியும் சீட்டுக் கிழிச்சாச்சு. கறண்டாலை எண்டால் கெதியா முடிஞ்சிருக்கும், அதையும் பிடுங்கிப்போட்டியள்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அவள்தான் காரைத் தொடுறவள். கழட்டுங்கோ" என்றார்.

பிடுங்கினதோடு நான் போய்விடவில்லை. இதை ஊரில் ஒருவரும் சொல்வதில்லை, அதனால் விபரமாக எழுதுகிறேன். லைனை அந்தக் கையோடு திரும்ப ட்ரிப் வழியாகக் கொடுத்தேன். பட்டுப்போன வாழையடியைத் தோண்டிப் பழைய எர்த் கம்பியைப் பார்த்தேன். அரித்து அரித்து ஈர்க்கு மாதிரி மெலிந்து நின்றது. துண்டு வயரைப் பிடுங்கிய அடப்டரைத் திரும்பக் கொழுவி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சிவப்பு அணையவில்லை. புதிய கம்பியை அடித்தேன், ஒரு முழத்தில் கல். கல்லில் துளை போட மெசினும் ஆளும் வேண்டும், அடுத்த நாள்தான் கிடைக்கும். உடனே எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரன் ஒருவனுக்குச் சொல்லி, காலையில் வந்து மகேசனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போக ஒழுங்கு செய்தேன். ரீச்சருக்கும் சொன்னேன். அவர் ஓம் என்றார்.

ஓட்டோ சொன்ன நேரத்துக்கு வந்தது. மகேசன் ஏறவில்லை.

நான் துளை போடுகிறவர்களோடு போய்ச் சேர்ந்தபோது ஓட்டோ திரும்பிப் போய்விட்டது. ரீச்சர் ஆஸ்பத்திரிப் பையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். "சொல்லிப் பாத்தனான் அண்ணை. கேக்கமாட்டனெண்டுறார்" என்றார். மகேசனிடம் போனேன்.

"என்ன காணும், ஓட்டோவைத் திருப்பிப் போட்டீர்?"

"அண்ணை, போகேக்கை பிரச்சினையில்லை. மெசினாலை எழும்பி வரேக்கை இடுப்பும் தலையும் என்ரை இல்லை. உந்த ஓட்டோவிலை அவ்வளவு தூரம் குலுங்கி வர என்னாலை ஏலாது. போன முறை பஸ்ஸிலை வந்து பட்ட பாடு காணும்."

"வான் ஒண்டு பிடிக்கிறன்."

"வேண்டாம். நீங்கள் உந்த எர்த்தைத் தாங்கோ, நான் நாளைக்கு என்ரை காரிலை போறன். ஒரு நாள் பிந்தினால் என்ன, மெசின் ஓடியே போகுது?"

பஸ் ஓட்டிய ஆள். ஒருமுறை பிடித்தால் பிடித்ததுதான். அவரைத் தூக்கியா ஏற்ற முடியும்? நான் வாழையடிக்குப் போனேன். இரண்டு இடத்தில் துளை போட்டோம். முதல் துளையில் கல் விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டாவதில் கீழே ஈரம் தட்டியது. ஆழமாகக் கம்பியை இறக்கி, களிமண்ணைக் கரைத்து ஊற்றி இறுக்கினேன். நான் வைத்ததிலேயே அதுதான் திறமான எர்த். குளிக்கிறவர்களை நம்பாத எர்த். பொழுதுபடும் நேரம் அதே அடப்டரைப் போட்டுக் காரைக் கொழுவினேன். பச்சை லைற் எரிந்தது. பொய் இல்லாத பச்சை. மகேசன் சாளரத்தால் பார்த்துக் கைதட்டினார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்ததில், தவறவிட்ட முறைக்குப் பதிலாக அதற்கும் அடுத்த நாள் காலை வரச் சொன்னார்களாம். அன்று பின்னேரம் அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியிருக்கிறது. விடியும்போது மூச்சு இழுத்திருக்கிறது. ரீச்சர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினார். கார் முழுதாக ஏறியிருந்தது, யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வரப் போதும். வல்லை வெளியில், பாலம் தாண்டமுன்னமே, மகேசன் போய்விட்டார். ரீச்சர் கொஞ்சத் தூரம் அது தெரியாமலே அவரோடு கதைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

செத்தவீட்டுக்குப் போனேன். படலைக்குள் கால் வைக்கும்போதே ரீச்சரின் ஒன்றுவிட்ட தமையன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இஞ்சை, பிளக்கைப் புடுங்கின ஆள் வந்திட்டார்."

ஒருவரும் அவரை மறிக்கவில்லை. ரீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துவிட்டார். நான் பந்தலில் ஒரு ஓரமாக இருந்தேன். பந்தலுக்கு லைற் போட்டிருந்தவன், அந்தத் துண்டு வயரை வைத்த உங்கள் பெடியன்தான். அவன் என் பக்கம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் இன்றைக்கும் நிற்கிறது. உங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் அந்தப் பெயரில்தான் என்னைத் தெரியும் என்று கேள்விப்படுகிறேன். "அவசரப்பட்டு ஒண்டையும் புடுங்காதை, அந்தக் கிழவன் மாதிரி ஆகிடுவாய்" என்று நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறீர்களாம்.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சரியான வேலையைச் செய்தால் ஆட்கள் பிழைப்பார்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்தால் நம்பாதீர்கள். நான் சரியான வேலையைத்தான் செய்தேன். ஆள் செத்துப்போனார். இன்னொரு தடவை அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் பிடுங்குவேன். அதுவும் ஆறுதல் தருவதில்லை. ரீச்சருடைய குரல் இப்போதும் காதில் நிற்கிறது.

மிச்சத்தையும் எழுதி முடித்துவிடுகிறேன்.

கார்த்திகை வந்தது. ரீச்சர் அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார். காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலையில் உங்கள் பெடியன் எனக்குப் போன் எடுத்தான். செத்தவீட்டுக்குப் பிறகு அவன் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணை, ரீச்சர் வீட்டை நிக்கிறன். ஒண்டும் வேலை செய்யுதில்லை. ஆனால் பிளக்கிலை டெஸ்டரை வைச்சால் ரெண்டு ஓட்டையிலும் எரியுது."

"மெயினை நிப்பாட்டு. நான் வரு மட்டும் ஒருத்தரும் ஒண்டிலையும் தொடக்கூடாது" என்றேன்.

போய்ப் பார்த்தேன். பனையிலிருந்து காய்ந்த காவோலை ஒன்று விழுந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வயரில் நியூட்ரலை மட்டும் அறுத்திருந்தது. மற்ற வயர் அப்படியே நின்றது. வீட்டுக்குள் கறண்ட் இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் நியூட்ரல் வயர் முழுவதும் கறண்ட் நின்றிருக்கிறது.

போட்டிக்கோவில் கார் நின்றது. சார்ஜ் வயர் கொழுவினபடி. ரீச்சர் தலை நனைந்து, வெறுங்காலோடு சேற்றுத் தண்ணீரில் நின்று பெடியனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விடியவே கறண்ட் போட்டுது தம்பி. கறண்ட் இல்லைத்தானே எண்டு வயரைக் கழட்டேல்லை. கார்க் கதவைத் திறந்து புத்தகப் பையை வைச்சனான். பிறகு குடையை எடுக்க இன்னொருக்காத் திறந்தனான். அதுக்குப் பிறகுதான் பக்கத்து வீட்டிலை லைற் எரியிறதைக் கண்டு உம்மைக் கூப்பிட்டனான்."

இரண்டு தரம் திறந்திருக்கிறார். ஈரக் கையோடு, ஈரக் காலோடு, நியூட்ரல் அறுந்து கிடந்த வீட்டில்.

பெடியன் கையில் டெஸ்டரைப் பிடித்தபடி நின்றான். ரீச்சரின் காலைப் பார்த்தான். காரைப் பார்த்தான். சுவர்ப் பிளக்கில் இருந்த அடப்டரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுடைய முகம் வெளிறிப்போயிருந்தது. புருசனை இழந்து மூன்று மாதமாகாத ஒருவரிடம், அந்தத் துண்டு வயர் இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்குச் செத்திருப்பீர்கள் என்று எப்படிச் சொல்வது?

"தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று ரீச்சர் கேட்டார். அவனிடம் மட்டும்தான் கேட்டார்.

அவன் ஓம் என்று உள்ளே போனான். நான் மின்சார சபைக்குப் போன் எடுத்து, அவர்களின் ஆட்கள் வரும் வரைக்கும் படலையில் நின்று, யாரும் அந்த வயருக்குக் கிட்டப் போகாமல் பார்த்துக்கொண்டேன். அவர்கள் வந்து நியூட்ரலைப் பொருத்தினார்கள். வீட்டில் லைற் வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் காலையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்க்க யாரும் கூடுவதில்லை, பந்தல் போடுவதில்லை, பெயரும் வைப்பதில்லை.

தம்பியவை, புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் அடப்டரைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள் என்று அறிந்தேன். அடப்டருக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்க்கக்கூடாது, கார் லைனை ட்ரிப்பைத் தாண்டி எடுக்கக்கூடாது, எர்த்தைக் கோடையிலும் ஒருதரம் சோதிக்க வேண்டும் என்று இப்போது சொல்லிக் கொடுக்கிறீர்களாம். நல்லது. அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், சங்கம் கூடி எடுத்த முடிவு என்கிறீர்களாம். சங்கம் அங்கே நிற்கவில்லை. நான் நின்றேன். பிறகு உங்களில் ஒருவன் நின்றான். அவன் கண்டது அவனுக்குத் தெரியும். அவன் வாய் திறக்க வேண்டும்.

எனக்குப் பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். மகேசன் செத்ததை என் பெயரில் போட்டிருக்கிறீர்கள். போட்டது போட்டதாகவே இருக்கட்டும், அழிக்கச் சொல்லவில்லை. அந்தக் கார்த்திகை மழையில் ரீச்சர் வெறுங்காலோடு நின்று, கார்க் கதவை இரண்டு தரம் திறந்து சாத்திவிட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தாரே, அதையும் என் பெயரில் போடுங்கள். இந்த மலரில், அச்சில், என் முழுப் பெயரோடு போடுங்கள்.